பிடித்த பூச்சியெல்லாம் உணவாகுமா?

வளர்ப்புப் பிராணி என்றால் நாயும் பூனையும் கிளியும் மட்டுமே என்றிருந்த காலம் மாறிவிட்டது. இன்று ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தாடி ஓணானும், புள்ளிகள் நிறைந்த சிறுத்தைப் பல்லியும் நகரத்து வீடுகளில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்கின்றன. ஓர் உயிரைப் பேணும் ஆர்வம் சிறுவரிடம் அரும்புவது நன்றே. ஆனால், அவ்வுயிருக்கு எதை ஊட்டுகிறோம் என்பதிலேதான் நம் அன்பின் உண்மை விளங்கும்.

"பல்லி பூச்சி தின்னும், எந்தப் பூச்சியானால் என்ன?" என்று எண்ணி, சாலையோரப் புல்லில் அகப்படும் வெட்டுக்கிளியையும் விளக்கடியில் விழும் வண்டையும் பெட்டிக்குள் இடுவோர் உண்டு. இவ்வெண்ணம் தவறு என்பதே நம் கருத்து. பூச்சியின் உடலில் சேர்ந்தது எதுவோ, அது அதனைத் தின்னும் பிராணியின் உடலிலும் சேரும்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. இன்றைய சுபாங் ஜெயாவே, 1970-களில் வீடமைப்புத் திட்டம் எழுவதற்குமுன் சீபீல்டு தோட்டமாக இருந்த மண்தான். மருந்தடித்த கையைக் கழுவாமல் சோற்றைத் தொடலாகாது என்பதைத் தோட்டத்துத் தாய்மார்கள் நன்கறிவர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு தடை வந்தது. ஆயினும், செம்பனையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு இன்றும் மருந்தடிக்கின்றனர். நகரிலோ, டிங்கிக் காய்ச்சல் கண்ட இடங்களில் கொசுப்புகை அடிக்கின்றனர். அங்கே தள்ளாடும் பூச்சி எளிதில் கைக்கு அகப்படும். அது அகப்படுவதற்குக் காரணமே உடலில் ஏறிய நஞ்சாக இருக்கலாம்.

இயற்கையிலேயே நஞ்சுடைய பூச்சிகளும் உள்ளன. வட அமெரிக்க மின்மினியைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்ததை 1999-இல் அறிவியலாளர் எடுத்துரைத்தனர். அம்மின்மினியின் உடலில் தேரையின் நஞ்சை ஒத்த பொருள் உண்டு. வேற்று நிலத்து ஓணானுக்கு அதனை விலக்கத் தெரியவில்லை. எனவே, எந்த மின்மினியையும் உணவாக இடாதிருப்பதே அறிவுடைமை. கோலசிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்னும் மின்மினிகளைக் கண்டு மகிழ்வோம். கையால் பிடிக்க வேண்டா.

அவ்வாறாயின் எதைக் கொடுப்பது? மலாய் மொழியில் செங்கெரிக் எனப்படும் சுவர்க்கோழியை, உணவுக்கென்றே வளர்த்து விற்கும் கடைகளில் வாங்கலாம். அதன் பருமன் ஓணானின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிஞ்சலாகாது. கொடுப்பதற்கு முதல்நாளே சுவர்க்கோழிக்குக் கீரையும் கேரட்டும் நன்கு ஊட்டுதல் வேண்டும். அதன் உடலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆதலால் பிராணிகளுக்குரிய கால்சியத் தூளைத் தூவிக் கொடுக்க வேண்டும். இச்சத்துக் குறைந்தால் எலும்பு மெலிந்து வளையும். தின்னாது எஞ்சிய பூச்சிகளை இரவுக்குமுன் அகற்றிவிடுக. அவை உறங்கும் ஓணானைக் கடிப்பதுண்டு.

பெற்றோர்களே, பிராணி வாங்கித் தருமுன் அதன் தீவனச் செலவையும் எண்ணிப் பாருங்கள். மாணவச் செல்வங்களே, ஒவ்வொரு பூச்சியைப் பற்றியும் இரு கேள்விகளைக் கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? எதைத் தின்றது? விடை தெரியாவிடில் அதனை விட்டுவிடுங்கள். ஒருநாள் உணவு தவறினும் வளர்ந்த ஓணான் பிழைக்கும்; நஞ்சுண்டால் பிழைப்பது அரிது.