சூட்கேசுக்குள் வரும் சிறு போத்தல்



நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போது எங்கள் வீடுகளுக்கு வெளிநாட்டு உறவுகள் வரத் தொடங்கிவிடும். ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறையும் அதே காலத்தில்தான். வந்த அன்றிரவே விறாந்தையில் பாய் விரித்துச் சூட்கேசைத் திறப்பார்கள். பிள்ளைகள் சுற்றிவர இருந்து சொக்லேட், சவர்க்காரம், சப்பாத்து என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சில வருடங்களாக அந்தச் சாமான்களோடு இன்னொன்றும் வருகிறது. பேனையை விடக் கொஞ்சம் தடித்த ஒரு கருவி. அதனோடு மாம்பழமோ ஸ்ரோபெரியோ மணக்கும் சிறு போத்தல்.

"இது என்ன பிள்ளை, சிகரெட்டோ மருந்தோ?" என்று மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பிறகு வேறு இரண்டு கிராமங்களிலும் இதே கேள்வி வந்தது. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன். இதைப் பாவிக்கச் சொல்வதற்காக அல்ல. பாவிக்கும் ஒருவர் எங்கள் கூரையின் கீழ் ஒரு மாதம் தங்கும்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல் பார்க்க வேண்டும் என்பதற்காக.

இது எப்படி வேலை செய்கிறது?

இதற்கு இலத்திரனியல் சிகரெட் என்று பெயர். வெளிநாட்டில் இருப்பவர்கள் 'வேப்' என்பார்கள். இன்று பாவனையில் உள்ள வகையை 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். இதில் நெருப்பு இல்லை. கீழே பற்றரி, மேலே கண்ணாடியாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன சிறு தாங்கி. தாங்கிக்குள் பஞ்சு சுற்றிய ஒரு கம்பிச் சுருள் இருக்கும். எங்கள் குப்பி விளக்கில் திரி மண்ணெண்ணெயை உறிஞ்சுவது போல அந்தப் பஞ்சு திரவத்தை உறிஞ்சும். பற்றரியால் கம்பி சூடாக, திரவம் ஆவியாகும். அந்த ஆவியைத்தான் உள்ளே இழுக்கிறார்கள்.

ஒரு தடவை பாவித்து எறியும் வகையைப் பிரான்ஸ் 2025 பெப்ரவரியிலும் பிரித்தானியா 2025 யூன் 1ஆம் திகதியிலும் தடைசெய்தன. எனவே அங்கிருந்து வருபவர்களிடம் திரும்பத் திரும்ப நிரப்பும் தாங்கி இருப்பதற்கும், அதை நிரப்புவதற்கான போத்தல் கூடவே வருவதற்கும் இடமுண்டு.

போத்தலுக்குள் இருப்பது என்ன?

கிளிசரீன், புரொப்பிலீன் கிளைக்கோல் என்ற இன்னொரு திரவம், வாசனைச் சரக்கு, நிக்கொட்டின் ஆகியவைதான். நிக்கொட்டின் எங்களுக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலம் திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறியது. இன்றும் எத்தனையோ சகோதரிகள் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார்கள். விடியற்காலையில் பனியில் நனைந்த இலையை முறித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தலைச்சுற்றும் குமட்டலும் வரும். 'வெயில் குடித்துவிட்டது' என்று சொல்லிப் படுத்துவிடுவோம். உண்மையில் அது வெயிலால் மட்டும் வருவதல்ல. ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோலினூடாக உடலுக்குள் போவதால் வருகிற நோய் அது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பயிருக்குப் பூச்சி மருந்தாகத் தெளிப்பதும் எங்களுக்குத் தெரியும். பூச்சியைக் கொல்வதும் அதே நிக்கொட்டின்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு சிகரெட்டில் உள்ள புகையிலையில் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கும். அதில் புகைப்பவரின் உடலுக்குள் போவது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நிக்கொட்டின் உள்ள நிரப்பும் போத்தல் 10 மில்லிலீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருக்கக்கூடாது. தாங்கி 2 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளக்கூடாது. அந்த அளவுப்படியே பார்த்தாலும் ஒரு சிறு போத்தலில் 200 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டியில் 100 மில்லிகிராம். இரண்டு வயதுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து வர அவ்வளவும் தேவையில்லை. அமெரிக்காவில் ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் உள்ள திரவமும் விற்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2014 டிசம்பரில் ஒரு வயதுப் பிள்ளை ஒன்று இந்தத் திரவத்தை விழுங்கி இறந்தது. பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்ற சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் 2016 ஜனவரியில்தான் வந்தது.

வந்த அன்றே செய்ய வேண்டியது

விமானம் மேலே போகும்போது காற்றழுத்தம் குறையும். தாங்கிக்குள் உள்ள காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். ஆகவே கைப்பையைத் திறக்கும்போது கருவியும் பக்கத்தில் உள்ள சாமான்களும் பிசுபிசுவென்று நனைந்திருக்கலாம். அந்தப் பைக்குள்தான் இனிப்பும் இருக்கும். பையைப் பிள்ளைகள் கிளற முதல், கொண்டுவந்தவரே திறந்து அந்தக் கருவியையும் போத்தலையும் எடுத்து வைக்கட்டும். நனைந்த இனிப்பைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, வைக்கும் இடம். யன்னல் கட்டும் மேசையும் தலையணைக்குக் கீழும் ஆகாது. பூட்டக்கூடிய இடம் வேண்டும். காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் வைத்துப் பூட்டுகிற அலுமாரி லாச்சி எங்கள் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதில் ஒரு மூலை போதும். சாப்பாட்டுச் சாமான் இருந்த ரின்னிலோ டப்பாவிலோ போட்டு வைக்க வேண்டாம்.

இன்னொரு விடயம். இந்தப் போத்தல் பார்வைக்குக் கண்மருந்துப் போத்தல் போலவே இருக்கும். கண்மருந்து என்று எண்ணிக் கண்ணில் விட்டவர்கள் வெளிநாடுகளில் இருந்திருக்கிறார்கள். கற்றரக் வெட்டி மருந்து விடும் அம்மாவோ மாமியோ வீட்டில் இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. முடிந்த போத்தலைக் கழுவி எண்ணெய்க்கோ மருந்துக்கோ எடுக்கவும் வேண்டாம்.

நிரப்பும்போது

நிரப்புவது அவருடைய வேலை. எங்களுடையதும் பிள்ளைகளுடையதும் அல்ல. "மருமகனே, இதைக் கொஞ்சம் நிரப்பிக்கொண்டு வா" என்று பிள்ளையிடம் கொடுக்க விடாதீர்கள். ஆனால் சரியான முறை எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் பிழையைக் கண்டு சொல்லலாம்.

1. சமைக்கிற இடத்திலும் பாயிலும் வைத்து நிரப்பக் கூடாது. வெளிச்சமான இடத்தில், துடைக்கக்கூடிய மேசையில், பழைய பத்திரிகை விரித்து நிரப்ப வேண்டும்.

2. கருவியை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே தாங்கியைத் திறக்க வேண்டும்.

3. நடுவில் உள்ள குழாய் ஆவி வருகிற வழி. அதற்குள் திரவம் போனால் வாய்க்கு வரும், கீழேயும் ஒழுகும். பக்கத்துத் துவாரத்தால் மெதுவாக விட்டு, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும்.

4. முதலில் போத்தலின் மூடி, பிறகு தாங்கியின் மூடி. திறந்த போத்தலை வைத்துவிட்டு ஃபோன் கதைக்கப் போகக் கூடாது.

5. சிந்தியதைத் துடைத்த கடதாசியைப் பையில் கட்டி, பிள்ளைகளும் நாய், கோழியும் கிளறாத இடத்தில் போட வேண்டும். மேசையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, கையையும் கழுவ வேண்டும்.

பெரிய போத்தலில் நிக்கொட்டின் இல்லாத திரவத்தை வாங்கி, அதற்குள் நிக்கொட்டினைத் தாங்களே கலப்பவர்களும் உண்டு. அந்தக் கலவை வேலை எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துப்புரவும் பற்றரியும்

கருகிய மணமோ ருசியோ வந்தால் உள்ளே இருக்கும் பஞ்சும் சுருளும் முடிந்துவிட்டன என்று அர்த்தம். புதுச் சுருளைப் போட்டு நிரப்பினால் பஞ்சு ஊறுவதற்கு 10 நிமிடமாவது விட வேண்டும். சுருளை மாற்றும்போது தாங்கியைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்ட வேண்டும். பற்றரிப் பகுதியில் தண்ணீர் படக்கூடாது. குசினிப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவவும் கூடாது. றப்பர் வளையம் தேய்ந்தாலோ கண்ணாடி வெடித்தாலோ ஒழுகும். எங்கள் வெக்கையில் திரவம் இளகி இன்னும் கெதியாக ஒழுகும். ஒழுகும் தாங்கியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் தோலில் படும்.

பற்றரியை அதற்குரிய வயரால், ஆள் முழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். மெத்தையிலோ தலையணைக்குப் பக்கத்திலோ வைத்து இரவிரவாகச் சார்ஜ் போடுவது தீப்பிடிக்க வழி. தனிப் பற்றரியைச் சில்லறைக் காசோடும் திறப்போடும் ஒரே பையில் போட்டால் உலோகம் பட்டுச் சூடேறி வெடிக்கலாம். வீங்கிய பற்றரியையும் மேலுறை கிழிந்த பற்றரியையும் பாவிக்கவே கூடாது. எங்கள் வளவுகளில் குப்பையைக் கூட்டி எரிக்கும் வழக்கம் உண்டு. எரிக்கிற குப்பைக்குள் பற்றரி போய்விடாமல் பாருங்கள். வெடிச்சத்தம் எங்களுக்கு என்ன செய்யும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. பழைய பற்றரியைத் திரும்பிப் போகும்போது அவரே கைப்பையில் கொண்டுபோகட்டும். வீங்கியதையும் பழுதானதையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது, அவற்றை இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

பிள்ளை விழுங்கிவிட்டால்

வாந்தி, வாய் நீர் வடிதல், வியர்வை, முகம் வெளிறுதல், நெஞ்சு படபடவென்று அடித்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். கூடினால் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரும். இவை கெதியாக வரும். ஆகவே அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாயைத் துடைத்துத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுப்பிக்க வேண்டாம். தானாக வாந்தி எடுத்தால் ஒருபக்கமாகச் சரித்துப் பிடியுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரப் பிந்தும் இடமென்றால் கிடைக்கிற வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போத்தலைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அதில் எழுதியிருக்கும் அளவு வைத்தியருக்கு உதவும். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

எப்படிச் சொல்வது?

கூட்டங்களில் இவ்வளவும் சொன்ன பிறகு சகோதரிகள் பேசாமல் இருப்பார்கள். பிறகு ஒருவர் சொல்வார்: "எல்லாம் சரி மிஸ், ஆனா அவன்தானே எங்களுக்குக் காசு அனுப்புறான். அவனுக்கு நான் எப்பிடிச் சொல்றது?"

இதுதான் உண்மையான சிக்கல். கணவரை இழந்து, அல்லது காணாமல் போனவரைத் தேடிக்கொண்டு, தனியே வீட்டை நடத்தும் பெண்ணுக்கு வெளிநாட்டுத் தம்பியின் காசு பிள்ளையின் ரியூஷன், கிணற்று மோட்டர், வீட்டின் கூரை. பரிசு வாங்கியவரைப் பரிசு கடன்காரராக்கிவிடும் என்று மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் நூறு வருடங்களுக்கு முன்பு எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அது என்னவென்று இந்தக் கூட்டங்களில்தான் கண்டேன். வாங்கியவருக்கு வாய் திறக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் சகோதரிகளே, தம்பி காசு அனுப்புவதே இந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பிள்ளையின் பெயரால் சொன்னால் அது குறை சொல்வதாகாது. ஒரு சகோதரி செய்தது இது. தம்பி வந்த இரவே அலுமாரித் திறப்பை அவர் கையில் கொடுத்திருக்கிறார். "தம்பி, சின்னவன் கண்டதெல்லாம் வாயில வைக்கிறவன். உன்ர அந்தப் போத்தலை இந்த லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டு அப்பன். திறப்பு நீயே வைச்சிரு" என்றாராம். தம்பி கோபிக்கவில்லை. அங்கே தன் வீட்டிலும் மனைவி அப்படித்தான் வைக்கச் சொல்லுவா என்றாராம். அண்ணைக்கோ மச்சானுக்கோ நேரே சொல்லக் கூச்சமென்றால் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கொண்டு சொல்விக்கலாம். இந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்தாலும் போதும்.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் ஆவி விட வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். சிகரெட்டை விட்டுவிட இதைப் பிடித்தவராக இருந்தால் அவரை ஏச வேண்டாம். எரியும் சிகரெட்டை விட இதில் கெடுதி குறைவு என்று பிரித்தானியச் சுகாதாரத் துறை சொல்கிறது. புகைக்காதவர் இதைத் தொடங்கவே கூடாது என்றும் அதே துறைதான் சொல்கிறது.

கடைசியாக, அவர் திரும்பிப் போகும் நாளில் லாச்சியைத் திறந்து பாருங்கள். "பெறாமகன் ஆசைப்பட்டுக் கேட்டவன்" என்று கருவியை வீட்டிலுள்ள இளம் பையனிடம் விட்டுச் செல்ல இடம் கொடுக்காதீர்கள். எங்கள் நாட்டில் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டை இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் தடைசெய்யப்பட்டவை. மாம்பழ மணம் என்று நினைத்து இழுக்கத் தொடங்கும் பதினாறு வயதுப் பையனால் ஒரு வருடத்தில் அதை விட முடியாமல் போகலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில் நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று வந்து கதையுங்கள். உங்கள் வார்த்தை இன்னொரு சகோதரிக்கு உதவும்.