தட்டணுக்களைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா?

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், டெங்குக் காய்ச்சலில் ஈறுகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்த தம் தாயாருக்காகப் புதுச்சேரியிலிருந்து தட்டணுப் பை ஒன்றைப் பெற்று வந்தார். வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மடியிலேயே சுமந்து வந்திருந்தார். அந்தப் பையை எங்களால் ஏற்ற இயலவில்லை. மறுநாள் வேறொரு பை வரும்வரை காத்திருந்தோம். அம்மையார் நலமடைந்து வீடு திரும்பினார். ஆயினும், "இரத்தம் என்றால் குளிரில்தானே வைப்பார்கள், ஐயா?" என்று அவர் மகன் கேட்டது என் மனத்தில் நிற்கிறது. அது நியாயமான கேள்வி.

சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியசில் ஐந்து வாரங்கள் வரை பாதுகாக்கலாம். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் இயல்பு வேறு. குளிர் பட்டால் அவை தம் தட்டை வடிவத்தை இழக்கின்றன. உடலில் ஏற்றியபின் கல்லீரல் அவற்றை விரைவில் அகற்றிவிடுகிறது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் மர்ஃபியும் கார்ட்னரும் இதை எடுத்துக்காட்டினர். அதன்பின் தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாது மெல்ல அசைத்துக்கொண்டே வைப்பது வழக்கமாயிற்று. ஆனால் அந்த வெப்பநிலை கிருமிகள் வளர்வதற்கும் ஏற்றது. ஆகவே 5 நாள்களுக்கு மேல் அவற்றை வைத்திருப்பதில்லை.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. உடலில் நெடுநேரம் உலவுவது ஒன்று. பெருகும் இரத்தத்தை உடனே நிறுத்துவது வேறொன்று. குளிரில் வைத்த தட்டணுக்கள் முன்னதாகவே தூண்டப்பட்ட நிலையில் இருப்பதால், காயத்தில் விரைந்து ஒட்டி உறைவுக்கு உதவுகின்றன. வழக்கமான தட்டணுக்கள் கிடைக்காதபோதோ அவற்றைப் பயன்படுத்துவது நடைமுறையில் இயலாதபோதோ, இரத்தம் பெருகும் நோயாளிகளுக்குக் குளிரில் 14 நாள்கள் வரை வைத்தவற்றை ஏற்றலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2023இல் வழிகாட்டியுள்ளது.

இது நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இணைத்துச் செல்கிறது. விபத்தும் பிரசவத்தின்பின் ஏற்படும் பெரும் உதிரப்போக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. 5 நாளில் காலாவதியாகும் பொருளைச் சிறு நகரங்களில் இருப்பு வைத்தால் வீணாகிறது. வைக்காவிட்டால் நள்ளிரவில் கிடைப்பதில்லை. 14 நாள்கள் தாங்கும் இருப்பு இந்த இக்கட்டைப் பெரிதும் தணிக்கும். இரத்தப் புற்றுநோயாளர் போன்று தடுப்பு முறையாகத் தட்டணு பெறுவோருக்குப் பழைய முறையே தொடரட்டும். உதிரப்போக்குக்கு மட்டும் குளிர்ந்த தட்டணுக்களை நம் மாவட்ட அளவில் முறையாக ஆய்ந்து பார்க்க, அரசும் மருத்துவக் கல்லூரிகளும் முன்வர வேண்டும்.

அதுவரை இருக்கும் பைகளை முறையாகப் பயன்படுத்துவோம். டெங்குவில் எண்ணிக்கை குறைந்தவுடனே தட்டணு ஏற்றுமாறு எங்களை வற்புறுத்த வேண்டாம். இரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே குறைந்தால்தான் அது குறித்து எண்ணலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 20,000 அல்லது அதற்குக் கீழ் இருந்த பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியதால் இரத்தக்கசிவு தடுக்கப்படவில்லை. தேவையின்றி ஏற்றும் ஒவ்வொரு பையும், இரத்தம் வடியும் வேறொருவருக்குக் கிடைக்காமற் போகக்கூடும்.

பையை நீங்களே எடுத்துவர நேர்ந்தால் ஐஸில் வைக்காதீர்கள். வெயிலும் படாமல், தாமதமின்றி எங்களிடம் சேர்த்துவிடுங்கள். நலமுடன் இருப்போர், நெருக்கடி வருமுன்னரே இரத்த வங்கியில் கொடையாளராகப் பெயர் பதிந்து வையுங்கள். இயந்திரத்தின்மூலம் தட்டணுக்களை மட்டும் பிரித்து எடுக்கும் கொடைக்கு, ஆஸ்பிரின் உட்கொண்டு 3 நாள்களாவது கழிந்திருக்க வேண்டும்.

அந்த இளைஞர் அன்று காட்டிய அக்கறையில் குறைவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது, சரியான தகவலும் அருகிலேயே ஓர் இருப்பும். முதலாவதை இன்றே தர முடியும். இரண்டாவதற்காக நாம் அனைவரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.