பறிபோன பருவம்

குத்துச்சண்டையில் வயது முதலில் தொடுவது கால்களை. கைவலு பின்னர்தான் குறையும். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த முகம்மது அலி 1967இல் களத்திலிருந்து விலக்கப்பட்டார். 25 முதல் 28 வயது வரையான உச்சப் பருவம் அவ்வாறே கழிந்தது. 1974இல், 32 வயதில், கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து அடிதாங்கியே போர்மனைக் களைப்படையச் செய்து வீழ்த்தினார். 1980இல், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் அவர் பட்ட பாட்டை ரசிகர் எவரும் நினைவுகூர விரும்பார். 1994இல் 45 வயதில் பட்டம் வென்ற போர்மன் விதிவிலக்கே.

அலி இழந்தது மூன்றரை ஆண்டுகள். தேற்றாத்தீவிலும் காத்தான்குடியிலும் ஒரு தலைமுறையின் இருபதுகளையே உள்நாட்டுப் போர் விழுங்கியது. இன்று அப்பருவத்தை எட்டும் இரு சமூகப் பிள்ளைகளுக்கும், பாடசாலைக் கல்வி முடிந்ததும் பயிற்சி நின்றுவிடாதவாறு, விளையாட்டுத்துறை அமைச்சு பிரதேசந்தோறும் பயிற்றுவிப்பாளர்களை நியமிக்க வேண்டும். பத்தாண்டு கழித்து நியமிப்பதால் இவர்களுக்குப் பயனில்லை.