குடலுக்குள் குடியிருப்போர்



"எங்கள் அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது. ஜீனில் உள்ளதை யாரால் மாற்ற முடியும்?" என்று நம்மில் அநேகர் தங்கள் வியாதியைக் குறித்துச் சொல்லுவதுண்டு. அந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. தாய் தகப்பனிடமிருந்து பெற்ற ஜீன்களை ஆகாரத்தால் நாம் மாற்றிக்கொள்ள முடியாதுதான். ஆனால் ஒரு ஜீன் நம்மிடத்தில் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால், அன்றாடம் நாம் புசிப்பதைக் குறித்த எண்ணமே மாறிவிடும்.

மனித சரீரத்தில் புரதங்களை உண்டாக்கும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000. கண்ணிலுள்ள செல்லிலும் குடலிலுள்ள செல்லிலும் இருப்பது ஒரே தொகுப்பு. ஆயினும் கண் பார்க்கிறது, குடல் ஜீரணிக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய ஜீன்களை மாத்திரம் திறந்து, மற்றவற்றை மூடி வைத்திருப்பதே இதற்குக் காரணம். எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில் ஹார்மோன்களுக்கும் வயதுக்கும் பங்கு உண்டு. குடலின் உட்சுவர் செல்களைப் பொறுத்தமட்டில், இன்னொரு கூட்டத்தாரும் இந்தக் காரியத்தில் தலையிடுகிறார்கள். அவர்கள்தாம் நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

கிருமி என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டு இஸ்ரவேல் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, மனித சரீரத்தில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழுகின்றன. நம்முடைய சொந்த செல்களோ சுமார் 30 லட்சம் கோடிதான். இந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் தங்கியிருக்கின்றன.

இவை நம் ஜீன்களின் வேலையில் கைவைக்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று 1996-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஜெஃப்ரி கார்டன் என்பவரின் ஆய்வகத்தில், ஒரு கிருமியும் அண்டாதபடி சில சுண்டெலிகளை வளர்த்தார்கள். சாதாரண எலிக்குட்டி பால்குடி மறக்கும் காலத்தில், அதன் சிறுகுடல் செல்கள் ஃபியூகோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையைத் தங்கள் மேற்பரப்பில் பூசிக்கொள்ளத் தொடங்கும். கிருமியற்ற எலிகளிலோ இந்தப் பூச்சு நிலைக்கவில்லை. பின்பு ஒரே ஒரு வகைக் குடல் பாக்டீரியாவை உள்ளே விட்டபோது, குடல் செல்கள் மறுபடியும் ஃபியூகோஸைப் பூசத் தொடங்கின. அந்த ஃபியூகோஸ் அந்தப் பாக்டீரியாவுக்கே ஆகாரம்! ஃபியூகோஸை உண்ணத் தெரியாதபடி மாற்றப்பட்ட பாக்டீரியாவை விட்டுப் பார்த்தார்கள், குடல் அசைந்துகொடுக்கவில்லை. குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரரிடம் தமக்குப் பிடித்த பதார்த்தத்தைச் சொல்லிச் சமைக்க வைப்பதைப் போன்றது இது. வேண்டாதவர் கேட்டால் அடுப்பு எரிவதில்லை.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? அமெரிக்காவின் டெட்ராய்ட், மினசோட்டா ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஐந்து பேரின் குடல் பாக்டீரியாக்களை உயிரோடு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த மனிதப் பெருங்குடல் செல்களோடு சேர்த்து வைத்தார்கள். 5,000-க்கும் மேற்பட்ட ஜீன்களின் வேலை கூடவோ குறையவோ செய்தது. அதுமட்டுமல்ல, காலின்செல்லா என்ற ஒரு பாக்டீரியாவின் அளவைக் கூட்டிக் குறைத்தபோது, அதற்கேற்ப ஜீன்களின் வேலையும் மாறிற்று. இது கண்ணாடித் தட்டில் நடந்தது, உயிருள்ள மனிதரின் வயிற்றுக்குள் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

பாக்டீரியா எப்படி ஜீனைத் தொடுகிறது? அது நம் செல்லுக்குள் நுழைய வேண்டிய அவசியமில்லை. தானியத்தின் தவிடு, பயறின் தோல், கீரையின் நார் ஆகியவற்றை நம் குடலால் ஜீரணிக்க இயலாது. அவை அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேருகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்துத் தின்கின்றன. அதில் பிறக்கும் அமிலங்களில் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இரத்தத்திலுள்ள சர்க்கரையிலிருந்து பெறுவதில்லை, இந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன.

ஆகாரமாக இருப்பதோடு அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூற்கண்டுபோல் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. நூல் இறுகியிருக்கும் இடத்திலுள்ள ஜீனை வாசிக்க முடியாது, தளர்ந்திருக்கும் இடத்தில் வாசிக்கலாம். நூலைத் தளர்த்தும் சிறு அடையாளங்களை அகற்றிவிடும் நொதிகள் சில நம் செல்லில் உண்டு. பியூட்டிரேட் அந்த நொதிகளின் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அப்பொழுது நூல் தளருகிறது, சில ஜீன்கள் பேசத் தொடங்குகின்றன. ஜீன் மாறவில்லை, அதன் எழுத்தில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. திறப்பதும் மூடுவதும் மாத்திரமே மாறுகிறது.

ஊரை விட்டு மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து பிழைக்கும் நமக்கு இதில் என்ன? 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின மக்கள் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டே வாரங்களுக்குத் தங்கள் ஆகாரத்தை மாற்றிக்கொண்டார்கள். நகரத்தாருக்குச் சோளமும் பயறும் காய்கனிகளும் கொடுத்து, தினசரி நார்ச்சத்தை சுமார் 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்த்தினார்கள். கிராமத்தாருக்கு இறைச்சியும் எண்ணெயில் பொரித்தவையும் கொடுத்து, 66 கிராமிலிருந்து 12 கிராமாகக் குறைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பெருங்குடலைச் சோதித்தபோது, நகரத்தாரிடம் பியூட்டிரேட் உயர்ந்திருந்தது. குடற்சுவர் செல்கள் வேகமாகப் பெருகுவதும் அழற்சியும் தணிந்திருந்தன. கிராமத்தாரிடமோ எல்லாம் நேர்மாறாகியிருந்தது.

செல்கள் மிதமிஞ்சிப் பெருகுவதும் அழற்சியும் குடல் புற்றுநோய்க்கு முன் ஓடும் அடையாளங்கள். இரண்டு வாரம் பயறு தின்றால் புற்றுநோய் வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நாமும் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கிராமத்தார் பிறந்த நாள் முதல் சுமந்த ஜீன்கள் ஒன்றும் மாறவில்லை என்பதையும், பதினான்கு நாளில் அவர்கள் குடலின் நடக்கை மாறிப்போயிற்று என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் கேழ்வரகும் கம்பும் புசித்த குடும்பம், நகரத்துக்கு வந்தபின் காலையில் மைதா ரொட்டி, மதியம் தீட்டிய அரிசி, மாலையில் வடா பாவ் என்று மாறும்போது, உள்ளே குடியிருப்போரும் பட்டினி கிடக்கிறார்கள்.

நம்முடைய தேசத்திலும் இதற்கொரு நல்ல சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு வழக்கமான உப்பு, சர்க்கரைக் கரைசல். மற்றொரு பிரிவாருக்கு அதனுடன் அரிசி மாவு. மூன்றாவது பிரிவாருக்கு, சிறுகுடலில் எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மக்காச்சோள மாவு, லிட்டருக்கு 50 கிராம். வழக்கமான கரைசலில் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் பிடித்தது, ஜீரணமாகாத மாவு சேர்ந்தபோதோ சுமார் 57 மணி நேரம். அந்த மாவைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அமிலங்களாக்கும்போது, குடற்சுவர் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்பை உள்ளே இழுக்கும் ஒரு புரதத்தின் ஜீனை அதே அமிலங்கள் தட்டி எழுப்புவதையும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்காக விலையுயர்ந்த புட்டிகளை வாங்க ஓட வேண்டாம். நல்ல பாக்டீரியா என்று விற்கப்படும் பானங்களில் பல, சர்க்கரைத் தண்ணீருக்குச் சற்றே மேலானவை என்பது என் அபிப்பிராயம். முழுப்பயறு, கொண்டைக்கடலை, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, வாரத்தில் சில நாள் கேழ்வரகோ கம்போ போதும். வடித்து ஆறிய சோற்றில், சூடான சோற்றைவிட ஜீரணமாகாத மாவுச்சத்து சற்றுக் கூடுகிறது. ஆகவே பழைய சோற்றைப் பிள்ளைகள் கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தை மாத்திரைகளைக் குறித்தும். ஜலதோஷத்துக்கும் லேசான வயிற்றுப்போக்குக்கும் மருந்துக்கடையில் தாமே கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாயிருக்கிறது. அவை குடியிருப்போரையும் சேர்த்து அழிக்கின்றன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட எலிகளின் பெருங்குடலில், மேலே சொன்ன ஹிஸ்டோன் உருளைகளின் அடையாளங்களே மாறியிருந்தன. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். எழுதிக்கொடுக்காவிட்டால் கேட்க வேண்டாம்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி வாயு தொல்லை கொடுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் அதிகமாகக் குடியுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, ஆகாரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.