குற்றவாளி தமிழ் அட்டை அல்ல

"அந்தத் தமிழ் கார்டைக் கழற்றி எறியுங்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்." திருச்சியில் பழுதுபார்ப்பவர் ஒருவர் நமக்கு வழங்கிய தீர்ப்பு இது. நாம் ஏற்கவில்லை, எவரும் ஏற்கலாகாது.

திருவரங்கத்து நண்பர் வீட்டுப் பழைய கணினியில் ஜிஸ்ட் அட்டை உள்ளது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி, 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் வழியாகப் பரவிய அவ்வட்டையே டாஸ் திரையில் தமிழைக் காட்டியது. அக்காலத்தில் அதில் தட்டெழுதிய உரைக்குறிப்புகளை வெளியே எடுக்க என்.இ.2000 வகை வலைப்பின்னல் அட்டையொன்றைச் செருகினோம். சுட்டி உறைந்தது. பழி தமிழ் அட்டைமேல் விழுந்தது.

உண்மை வேறு. அக்காலக் கணினியில் அட்டைகள் செயலியை அழைக்கும் இடையீட்டுக் கோடுகள் 16 மட்டுமே. பலவும் முன்பே ஒதுக்கப்பட்டவை. பொதுவாக ஒன்றை இருவர் பகிர இயலாது. சுட்டி செருகியிருந்த இரண்டாம் தொடர்வாயிலுக்கு உரியது 3ஆம் கோடு. புதிய அட்டையும் அதே 3ஐக் கேட்டது. முதல் தீர்த்தத்துக்கு இருவர் உரிமை கோரினால் என்ன நிகழும் என்பதை அரங்கத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

புதிய அட்டையைக் கழற்றினோம், சுட்டி நகர்ந்தது. ஜம்பரை 5க்கு மாற்றி மீண்டும் செருகினோம், இரண்டும் இயங்கின. ஜிஸ்ட் அட்டையைத் தொடவே இல்லை.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமையற்றவர்களே முதலில் தமிழைக் கழற்றச் சொல்கிறார்கள். ஆடிப்பெருக்கில் காவிரிக்கு ஏடுகளைக் கொடுத்தது போதும். காயலான் கடைக்குக் கணினிகளையும் கொடுக்க வேண்டா.