மூக்கைத் தேய்க்காதீங்க, டைம்டேபிளைப் பாருங்க

நாய்க்குட்டி வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டா நம்ம ஊர்ல ஒரே வைத்தியம்தான்: கழுத்தைப் பிடிச்சு மூக்கை அதுல தேய்ச்சு, முதுகுல ரெண்டு போடுறது. "அப்பதான் புத்தி வரும்"னு ரூம்மேட் சொல்வான். வராது. ஏன்னு நம்ம சிலபஸ்லயே இருக்கு.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் ஞாபகம் இருக்கா? ஃபீட்பேக் தாமதமா வந்தா சிஸ்டம் நிலைகுலையும். குட்டி பத்து மணிக்குப் போயிருக்கும். நீங்க கிளாஸ் முடிஞ்சு ஒரு மணிக்கு வந்து அடிப்பீங்க. அதுக்குப் புரியுறது ஒண்ணுதான்: இவன் கதவைத் திறந்தா அடி விழும். "தப்பு பண்ணிட்டு எப்படி முழிக்குது பாரு"ன்னு சொல்றோமே, அதை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து 2009இல் வெளியிட்டார். தப்பே பண்ணாத நாயும் ஓனர் திட்டினதும் அதே முழிதான் முழிச்சது.

"எங்க தாத்தா வீட்டு நாய்க்கு யாருடா டிரெயினிங் கொடுத்தா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த நாய் வாசல்ல படுத்துது, கொல்லையில சுத்துச்சு, வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. நாமதான் அதை சிதம்பரத்துல டைல்ஸ் போட்ட மாடி போர்ஷனுக்குத் தூக்கிட்டு வர்றோம். மண்ணு எங்க இருக்குன்னு காட்ட வேண்டியதும் நாமதான்.

ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. அது திமிர் இல்ல, உடம்பு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டு போங்க. போய் முடிச்ச அந்த நொடியே தட்டிக் கொடுங்க, தின்ன ஏதாவது கொடுங்க. உள்ளே போயிட்டா சத்தமில்லாம துடைங்க. அமோனியா கலந்த கிளீனர் வேணாம். அந்த வாடைக்கு மறுபடி அங்கேயே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில கடலூர்ப் பக்கம் குட்டி வாசப்படியே தாண்டாது. குடை பிடிச்சுட்டு நீங்களும் கூடப் போகணும். வேற வழி இல்ல.

இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா பழக்காத குட்டி செமஸ்டர் முடிஞ்சதும் என்ன ஆகுது? "வீட்ல அசிங்கம் பண்ணுது, அம்மா ஒத்துக்க மாட்டாங்க"ன்னு பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு ஊருக்குப் போறவங்க இருக்காங்க. யாராவது சோறு போடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல நாயை அடிக்கிறது குற்றம். பட்டினி கிடக்கும்னு தெரிஞ்சே காரணமில்லாம கைவிடுறதும் குற்றம். அதோட 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில் நிலையங்கள்ல இருக்கிற தெருநாய்களைப் பிடிச்சு காப்பகத்துக்குக் கொண்டு போகணும், அதே இடத்துல திரும்ப விடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. நீங்க பேர் வெச்சுக் கூப்பிட்ட குட்டியும் அந்தக் கணக்குல ஒண்ணு.

அதனால என் கருத்து இதுதான். குட்டி தூக்குறதுக்கு முன்னாடி ரூம்ல இருக்கிற எல்லாரோட டைம்டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பகல்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை யார் இருப்பா? மே மாசம் யார் வீட்டுக்கு அது போகும்? ரெண்டுக்கும் ஒரு பேர் சொல்ல முடிஞ்சா தூக்குங்க. முடியலன்னா, அது அம்மாகிட்டயே இருக்கட்டும்.