கணக்கில் வராத கூலி

சிறு விவசாயக் குடும்பங்களைக் குறித்துக் கல்விப்புலத்தில் இருவகைப் பேச்சு உண்டு. ஒன்று இரக்கம்: கடன், வறட்சி, விலைச்சரிவு. மற்றொன்று பெருமிதம்: மண், மரபு, சொந்த நிலம் தரும் நிறைவு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஓர் எளிய கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. அந்தக் குடும்பம் தன் நிலத்தில் தானே செய்யும் வேலைக்குக் கூலி தருவது யார்? சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிறு நிலங்களை முன்வைத்து இக்கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது பழைய சித்தூர் மாவட்டம்; 2022இல் அதிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் இரு மொழிக்கும் பொதுவான சொற்களுள் ஒன்று ‘கூலி’. பிறர் நிலத்தில் இறங்கினால் அந்தச் சொல் பொருந்தும். சொந்த நிலத்தில் அதே களையை அதே கை எடுத்தால் பொருந்தாது.

அந்த வேலையின் அளவு சிறிதன்று. மானாவாரி நிலக்கடலைக்கு விதைக்காயை உடைத்துப் பருப்பெடுப்பது முதல் களையெடுப்பு, செடி பிடுங்குதல், காய் ஆய்தல் வரை எல்லாம் கைவேலை. கறவை மாட்டுக்கு விடுமுறை நாள் இல்லை; விடியலிலும் மாலையிலும் பால் கறந்தாக வேண்டும், இடையில் தீவனம் அறுத்தாக வேண்டும். பலமநேர், குப்பம் பக்கம் காட்டோர நிலங்களில் இன்னொரு வேலையும் உண்டு: இரவுக் காவல். 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்த யானைகள் இங்கே நிலைத்தன. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. யானை அழித்த பயிருக்கு அரசு இழப்பீடு தரும். விழித்திருந்த இரவுகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

இந்திய வேளாண் பொருளியல் இதை அறியாததன்று. வேளாண் விளைபொருள் செலவு மற்றும் விலை ஆணையம், கையிலிருந்து செலவான தொகையோடு குடும்ப உழைப்பின் மதிப்பையும் கூட்டி ஒரு செலவுக் கணக்கு போடுகிறது. 2025–26 பருவத்தில் நிலக்கடலைக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 4,842 ரூபாய். அதன் ஒன்றரை மடங்கான 7,263 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டது. அந்த விலை உழவர் கைக்கு வந்து சேர்வது வேறு சிக்கல். குடும்ப உழைப்புக்கு மதிப்பு உண்டு என்ற கொள்கையாவது ஏட்டில் இருக்கிறது.

ஆனால் இவ்வட்டாரம் நிலக்கடலையிலிருந்து மெல்ல மாமரத்துக்கும் கறவை மாட்டுக்கும் நகர்ந்துவிட்டது. மழை பொய்த்தாலும் மரம் நிற்கும், அதற்கு ஆள் தேவையும் குறைவு. மாங்காய்க்கும் பாலுக்கும் தக்காளிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. ஆகவே குடும்ப உழைப்பைக் கூட்டிப் பார்க்கும் கட்டாயமும் யாருக்கும் இல்லை. 2025 கோடையில் கூழ் ஆலைகளுக்குச் செல்லும் தோத்தாபுரி மாங்காயின் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என ஆந்திர அரசு அறிவித்தது. ஆலைகள் சொன்ன விலையைத் தரவில்லை என்ற புகார் எழுந்தது. விவாதம் முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது. ஒரு கிலோ மாங்காயில் அடங்கியிருக்கும் வீட்டு உழைப்பு எவ்வளவு என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

பாலில் இது இன்னும் கூர்மையானது. தேசிய மாதிரி ஆய்வின் 2018–19 கணக்குப்படி, இந்திய விவசாயக் குடும்பத்துக்குக் கால்நடையிலிருந்து கிடைத்த சராசரி மாத நிகர வருவாய் 1,582 ரூபாய். காசு கொடுத்து வாங்காமல் சொந்தத்திலிருந்தே வந்த இடுபொருள்களுக்கும் மதிப்புப் போட்டால் அது 441 ரூபாயாகச் சுருங்குகிறது. மாட்டுக்கொட்டில் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது; பட்டாவில் இருப்பதோ பெரும்பாலும் ஆணின் பெயர். 2002இல் சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை மூடப்பட்டபோது, பேரம் பேச அவர்களுக்கு இருந்த ஒரு பிடியும் நழுவியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். குடும்ப உழைப்புக்கும் கூலி போட்டால் சிறு பண்ணைகள் நட்டத்தில்தான் தெரியும். அப்படியானால் நிலத்தை விட்டு வெளியேறுவதுதானே அறிவு? 1962இல் அமர்த்தியா சென் இதைத் தொட்டு எழுதினார். நடப்புக் கூலி விகிதத்தில் குடும்ப உழைப்பை மதிப்பிட்டால் இந்திய வேளாண்மையில் பெரும்பகுதி கட்டுபடியாகாததாகத் தோன்றும் என்பது அவர் கவனித்த முரண். வெளியே அதே கூலிக்கு வேலை நிச்சயமில்லாதபோது, குடும்பம் கூலிக் கணக்குப் பார்த்து உழைப்பை நிறுத்துவதில்லை. ரஷ்யப் பொருளியலாளர் சயானோவ் அதற்கு முன்பே இதைத் தற்சுரண்டல் என்றார். எனவே ஏட்டில் தெரியும் நட்டம் குடும்பத்தின் அறியாமைக்குச் சான்றாகாது. புட்டியில் விற்கும் மாம்பழச் சாற்றுக்கும் நகரத்துத் தேநீரில் சேரும் பாலுக்கும் மானியம் தருவது யார் என்பதையே அது காட்டுகிறது.

நிறைவு என்பதும் உண்மையே. தாத்தா நட்ட மரம் பேரனுக்குக் காய்க்கிறது. பால் பணம் பத்து பதினைந்து நாளுக்கொருமுறை வருகிறது. அதில் பள்ளிக் கட்டணம் கட்டப்படுகிறது. கடலை வீட்டுக்கு, கொடி மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு என ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது. யாரிடமும் கைகட்டி நிற்காத பகற்பொழுதின் மதிப்பைக் கூலிக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள். இவற்றை இழிவுபடுத்துவது நகரத்து ஆணவம். ஆனால் இந்த நிறைவைக் காட்டிக் கூலியை மறுப்பது அதைவிடக் கொடிது. ஆசிரியருக்குக் கற்பித்தலில் மகிழ்ச்சி உண்டு என்பதற்காக எவரும் அவருடைய சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. மாங்காய், பால் விலை பேசும் ஒவ்வொரு கூட்டமும் குடும்ப உழைப்பை உள்ளடக்கிய செலவுக் கணக்கை மேசையில் வைத்துத் தொடங்கலாம். 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் குத்தகைதாரரையும் தொழிலாளரையும் கொண்டுவந்தது. அந்த விரிந்த பொருள் வருவாய்த்துறைப் பதிவேட்டிலும் இறங்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் பங்குண்டு. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்கு உழவர்களின் தொழிற்சொற்களைத் திரட்டிய வட்டார அகராதியை 1962இல் வெளியிட்டார். ஏரின் ஒவ்வோர் உறுப்புக்கும் வட்டாரந்தோறும் உள்ள பெயர் அதில் பதிவாயிற்று. அதே பொறுமையோடு, ஒரு குடும்பம் ஓராண்டில் தன் நிலத்தில் செலவிடும் மணிநேரங்களை, யாருடைய மணிநேரம் என்ற குறிப்போடு பதிவுசெய்யும் ஆய்வுகள் வேண்டும்.

பழந்தமிழில் ‘வேளாண்மை’ என்ற சொல்லுக்கு ஈகை, உபகாரம் என்றும் பொருள். சொல்லின் அந்தப் பழம்பொருள் பெருமைக்குரியது. ஆனால் கொடுப்பவர் விரும்பிக் கொடுத்தால்தான் அது ஈகை. கணக்கில் எழுதாமலே எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.